வாக்குமூலத்துக்கென்று கூட்டிப்போனவள்

என் தங்கையைப் பொலிஸார் கூட்டிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். எனக்குத் தெரியவந்ததோ பள்ளிக்கூடம் விட்ட பிறகு. ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வகுப்பு நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுவிடுவது வழக்கம். வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது பிள்ளைக்காம்பரா ஆயாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. தாய்மார் வேலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. திருப்பிப் போன் எடுத்ததும் ஆயா சொன்னாள்: “டீச்சர், தங்கச்சி இன்னும் புள்ளய தூக்க வரலங்க. பாலுக்கு அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு.”

தங்கை பிந்துகிறவள் அல்ல. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் அப்பா அம்மா இருந்த அதே லயக் காம்பராவில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்: நான், அவள், இன்னும் ஒரு வயதாகாத அவள் மகள். அவள் புருஷனுக்குக் கட்டாரில் வேலை. கொழுந்து எடுக்கப் போகாமல் ஒரு சிறு டவுனில், வசதியான ஒரு வீட்டில் சமையலுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் அவள் போய்வந்தாள். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். மதியத்துக்குள் திரும்பி வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தான் அந்த வேலைக்கே சேர்ந்தாள்.

அவளுடைய போன் அணைந்திருந்தது. அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எடுத்தேன். அவர் சாதாரணமாகவே பேசினார். அலுமாரியில் இருந்த சங்கிலி ஒன்றைக் காணவில்லையாம். பொலிஸுக்குச் சொன்னார்களாம். அவர்கள் வந்து வாக்குமூலம் எடுக்கக் கூட்டிப்போயிருக்கிறார்களாம். பிழை செய்யாவிட்டால் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பதுளைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே எங்கள் பாடசாலை அதிபருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தைத் தந்தார். யாழ்ப்பாணத்தவர், கலியாணம் முடித்துப் பதுளைக்கு வந்து இங்கேயே தொழில் செய்கிறவர். உடனே அழைத்தேன். அந்தச் சட்டத்தரணி அம்மா என்னைக் கொஞ்சம் அழவிட்டுவிட்டு, நான் மூச்சுவிட்ட இடத்தில் பேசத் தொடங்கினார்.

“முதல்ல ஒண்டைக் கேளுங்கோ. தங்கச்சியைக் கைது செய்திருக்கினமோ இல்லையோ? கைது எண்டால் அந்த நேரத்தைப் புத்தகத்தில எழுத வேணும். அதில இருந்து இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால நிப்பாட்ட வேணும். கைது இல்லையெண்டால் அவ எழும்பி வீட்டை போகலாம். இந்த ரெண்டுக்கும் நடுவில ஒண்டும் இல்லை.”

ஆயாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நான் அந்த டவுன் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டிருந்தது. பிள்ளை என் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். முன்மேசையில் இருந்தவரிடம் தங்கையின் பெயரைச் சொன்னேன். அப்படி யாரையும் கைது செய்யவில்லை என்றார் சிங்களத்தில். ஆனால் அவருக்குப் பின்னால் திறந்திருந்த கதவு வழியே, உள் அறையின் பலகை வாங்கில் அவள் குந்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. காலில் செருப்பு இல்லை. சட்டையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது. அதை மறைக்கச் சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பொறுப்பதிகாரி வெளியே போயிருக்கிறார், அவர் வரட்டும் என்றார்கள். ஒரு பெண் பொலிஸ் மட்டும் எழுந்து வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் என்னையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிப்போய், கதவைப் பாதி சாத்திவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பிள்ளை குடிக்கத் தொடங்கியதும் தங்கை தலையை நிமிர்த்தாமல் பேசினாள். “அக்கா, ஒரு தாள்ல கையெழுத்து போடச் சொல்றாங்க. பூரா சிங்களத்துல எழுதியிருக்கு. எனக்குப் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். வாசிச்சுக் காட்டுனாங்க. நா சொல்லாததெல்லாம் அதுல இருக்கு.”

“போட்டியா?”

“போடல. போட்டா இப்பவே விட்டுருவோம்னாங்க. அக்கா, நெஞ்சு கட்டிக்கிச்சு. வலி தாங்க முடியல. ஒரு தடவ பேனாவ எடுத்துட்டேன்.”

  அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கிலியைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

பொறுப்பதிகாரி வந்தார். வயதில் என்னைவிட இளையவராக இருக்கும். முதலில் மரியாதையாகவே பேசினார், என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். இது கைது இல்லை, விசாரணைதான், சும்மா பயப்பட வேண்டாம் என்றார்.  சட்டத்தரணி அம்மா சொல்லித்தந்ததை பஸ்ஸில் வரும்போதே சிங்களத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதை அப்படியே சொன்னேன்: “கைது இல்லையென்றால் சரி சேர். அப்போ நான் இப்போதே இவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.”

அறையில் இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள்.  அப்படிக் கூட்டிப்போக முடியாது என்றார் பொறுப்பதிகாரி.

“கூட்டிப்போக முடியாது என்றால் கைதுதானே, சேர். எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்?”

அதோடு மரியாதை போயிற்று. இதையெல்லாம் யார் சொல்லித்தந்தது என்று சத்தம் போட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டால் இப்படித்தான் என்றார். இன்று வெள்ளிக்கிழமை, கோர்ட் திங்கட்கிழமைதான், அதுவரை இவள் இங்கேதான் இருக்கப்போகிறாள் என்றார். நான் சட்டத்தரணியின் பெயரைச் சொன்னேன். சனிக்கிழமை என்றால் நீதவானின் வீட்டுக்குக் கொண்டுபோகலாமாமே என்றும் சொன்னேன்.  பிள்ளை பயந்து பாலை விட்டுவிட்டு அழத் தொடங்கியது.

அவர் கடைசியில் முன்மேசைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெரிய புத்தகத்தில் தங்கையின் பெயர் எழுதப்பட்டது. நேரமும் எழுதப்பட்டது. ஆனால் அது காலையில் அவளைச் சமையலறையிலிருந்து ஜீப்பில் ஏற்றிய நேரம் அல்ல. நான் கேட்ட அந்த நேரம். அவள் வாங்கில் இருந்த அத்தனை மணித்தியாலமும் புத்தகத்தின்படி நடக்கவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் சட்டத்தரணி அம்மா வந்து சேர்ந்தார். உள்ளே போய்த் தங்கையோடு பேசிவிட்டு வந்து, அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போடமாட்டாள், எழுதுவதென்றால் தமிழில் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்காரர் மேல் சொல்லப்படும் களவுக்குப் பொலிஸார் தாமாகப் பிணை கொடுப்பதில்லை, நீதவான்தான் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தேன். அவள் இல்லாமல் பிள்ளை போத்தலைத் தொடவே இல்லை. கரண்டியால் கஞ்சித் தண்ணீர் ஊட்டிப் பார்த்தேன், துப்பியது.

மறுநாள் காலை நீதவானின் வீட்டு வாசலில் காத்திருந்தோம். ஜீப் வர மாட்டாது என்றே எனக்குப் பயம். வந்தது. தங்கையைப் பெண் பொலிஸ் கையைப் பிடித்து இறக்கினாள். முன்விறாந்தையில் ஒரு மேசை போட்டு நீதவான் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைச் சட்டையில், சாதாரண வீட்டு மனிதரைப் போல் இருந்தார். உள்ளே யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

பொறுப்பதிகாரி அறிக்கையை வாசித்தார். வீட்டுக்கார அம்மாவின் முறைப்பாட்டையும் வாசித்தார். அந்த அறைக்குள் போய்வருகிறவள் இவள் ஒருத்திதான் என்று அதில் இருந்தது. சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை, விசாரணை முடியவில்லை, ஆகவே இரண்டு வாரம் சிறையில், விளக்கமறியலில் வைக்க வேண்டும் என்றார். பிணை கொடுக்கக்கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் என் காதில் இன்னும் இருக்கிறது: சந்தேகநபருக்கு நிரந்தர விலாசம் இல்லை, லயத்தில் இருப்பவர், தலைமறைவாகக்கூடும்.

எங்கள் சட்டத்தரணி குரலை உயர்த்தவில்லை. இந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அதே லயம், அதே காம்பரா, வீட்டுப் பத்திரம் இல்லாதது அவர்களுடைய குற்றம் அல்ல என்றார். புத்தகத்தில் எழுதிய நேரத்தையும், காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போனதை அந்த வீட்டு வீதியில் பார்த்த ரொட்டிக் கடைக்காரர் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். நீதவான் அதைக் கேட்டுப் பொறுப்பதிகாரியின் பக்கம் திரும்பினார்.  நீதவான் குறித்துக்கொண்டார்.

பிணையாளிகளைத் திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நிறுத்தினால் பிணை தருவேன் என்றார் நீதவான். காசு கட்டத் தேவையில்லை, இரண்டு பேர் பொறுப்பேற்கும் சரீரப் பிணை. ஒருவர் நிரந்தர வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும். அது நான். மற்றவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. அதுவரை விளக்கமறியல். விரும்பினால் குழந்தை தாயோடு இருக்கலாம் என்றும் எழுதினார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் பெண் பொலிஸ் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். பிள்ளையை நீட்டினேன். தங்கை கையை நீட்டவில்லை. “வேணாக்கா. அந்த எடத்துக்கு இவ வரவேணாம். பெரியவளாகி யாராச்சும் சொன்னா?” என்றாள். ஜீப்புக்குள்ளேயே பால் கொடுத்தாள். கொடுத்து முடிந்ததும் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, திரும்பி அடுத்த பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பதுளைச் சிறைச்சாலையை நோக்கி ஜீப் போயிற்று.

அன்றைக்கெல்லாம் பிள்ளை ஒன்றும் குடிக்கவில்லை. ஞாயிறு காலையில் உடம்பு சுட்டது. அழக்கூட அதற்குத் தெம்பு இல்லை. தங்கையிடம் கேட்டு முடிவெடுக்க வழியில்லை. நான் அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, மாற்றுத் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். சிறைச்சாலை வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர்கள் சோற்றுப் பார்சல் வைத்திருந்தார்கள். நான் பிள்ளையை வைத்திருந்தேன். என் முறை வந்ததும் நீதவானின் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். துணிப்பையைப் பிரித்துச் சோதித்தார்கள். பிள்ளையின் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தார்கள்.

காவல்காரப் பெண் ஒருத்தி கையை நீட்டினாள். என் கையாலேயே பிள்ளையைக் கொடுத்தேன். பிள்ளை என் கழுத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிறு கதவு சாத்தியது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருவர், தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “குடிங்க மகள்” என்றார். குடித்தேன். அதன் பிறகு அந்த மதிலோரமாகவே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அழுகை கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் முழுக்கப் பிணைக்கு ஆள் தேடினேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வருவதாக வாக்குக் கொடுத்தார். இருட்டுவதற்கு முன்பே அவருடைய போன் வேலை செய்யவில்லை. ஒருவருடைய மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது, கோர்ட்டுப் பக்கம் போனால் பேச்சு முறிந்துவிடும். இன்னொருவர் பிணை என்றாலே அவளுக்குப் பதிலாகத் தன்னைப் பிடித்து வைப்பார்கள் என்று நினைத்திருந்தார். யாரையும் குறைசொல்ல முடியவில்லை. எனக்கே அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் இதெல்லாம் தெரியாது.

திங்கட்கிழமை விடிந்தபோது நான் மட்டும்தான் ரோட்டுக்கு இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா நின்றாள். லயத்துப் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையில் அவளுக்கும் தங்கைக்கும் பெரிய சண்டை வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்தது. அன்று நல்ல சேலை கட்டியிருந்தாள். அடையாள அட்டை கையில் இருந்தது.

“பொணைக்கு வெளியாள் வேணுமாமே,” என்றாள். “நா வர்றேன்.”

கொழுந்து மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் பதிவில் விழாதே, சம்பளம் போய்விடுமே என்றேன்.

“போவட்டும். செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ள ரெண்டு நாளா அழுதத நாந்தானே கேட்டேன்.”

போகும் வழியில் கிராம சேவகரைப் பிடித்து அவள் வசிப்பிடத்தை உறுதிப்படுத்திக்கொண்டோம். நீதிமன்றத்தில் எங்கள் வழக்கைக் கூப்பிட நண்பகலாயிற்று. தங்கை கூண்டில் பிள்ளையோடு நின்றாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கன்னம் நிறம் திரும்பியிருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். பிணையாளியான அந்த அக்காவிடம், இந்தப் பெண் நீதிமன்றத் தவணைக்கு வராவிட்டால் நீங்கள்தான் பொறுப்பு, விளங்குகிறதா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“வெளங்குதுங்க. வருவா. சண்டக்காரி, ஆனா சொன்ன வேலைக்குப் போகாம இருந்ததில்ல,” என்றாள். மேசையில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கினார். நீதவான் சிரிக்கவில்லை. எழுதிக் கையொப்பமிட்டார்.

வெளியே வந்த தங்கை அந்த அக்காவின் முன்னால் போய் நின்றாள்.  அக்காதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பசிக்கிறது, ஏதாவது சாப்பிடுவோம் என்றாள். பிள்ளையை உள்ளே அனுப்பியதற்குத் தங்கை என்னைக் கோபிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, “நீ கொண்டாரலன்னா நா செத்திருப்பேங்கா” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு பிணை நிபந்தனைப்படி பல மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நானோ அந்த அக்காவோ கூடப் போனோம். ஒரு ஞாயிறு மண்சரிவில் பாதை மூடிக் கிடந்தபோது, வராவிட்டால் பிணையை ரத்துச் செய்துவிடுவார்களோ என்று பயந்து மூவரும் சேறு மிதித்து நடந்தோம். தவணைக்குத் தவணை நீதிமன்றம் போனோம். ஒவ்வொரு முறையும் விசாரணை நடக்கிறது என்றார்கள். அவள் மேல் குற்றம் என்று எதுவும் பதியப்படவில்லை. ஆனால் டவுனில் ஒரு வீட்டிலும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. கட்டாரிலிருந்து புருஷன் தினமும் கூப்பிட்டு, உண்மையைச் சொல் என்று கேட்ட ஒரு மாதமும் இருந்தது. அதைப் பற்றி அவள் இப்போதும் பேசுவதில்லை.

கடைசியில் ஒரு தவணையில், சாட்சி எதுவும் கிடைக்கவில்லை, வழக்குத் தொடர்வதற்கில்லை என்று பொலிஸ் அறிவித்தது. நீதவான் அவளை விடுவித்தார். முழுதாக ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட எடுக்கவில்லை. நாங்கள் விளங்காமல் நின்றோம், சட்டத்தரணி அம்மா கையைக் காட்டிப் போகச் சொன்ன பிறகுதான் நகர்ந்தோம். பொலிஸின் மேல் முறைப்பாடு செய்வதா என்று அவர் கேட்டார். அந்த நிலையத்து வாசலை இனி மிதிக்க வேண்டாம் என்றாள் தங்கை. இப்போது ஹாலிஎலவில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்கிற வேலை. அது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் பதுளை பஸ்ஸில் அந்த வீட்டுக்கார அம்மாவைக் கண்டோம். பஸ் நிறைந்திருந்தது. அவர் பக்கத்து இருக்கையில் மட்டும் அவருடைய கைப்பை இருந்தது. எங்களைக் கண்டதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வந்து உட்காரச் சொன்னார். தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாள் என்றார் அவர். பிறகு, தான் யாருடைய பேரையும் சொல்லவில்லை, பொலிஸ்தான் தானாக முடிவெடுத்தது என்றார்.

“நீங்க சொன்னத அங்க வாசிச்சாங்கம்மா,” என்றாள் தங்கை. “நா பக்கத்துலதான் நின்னேன்.” குரலில் கோபம் இல்லை. “சங்கிலி கெடச்சிதா?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார்.  வளைவுகள் வந்தன. பிள்ளைக்கு இப்போது நல்ல கனம். தங்கை இரண்டு மூன்று வளைவு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். அதற்குப் பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.